பதினொரு வெள்ளிக்கிழமைகள்

1996 ஜூன் 14, வெள்ளிக்கிழமை காலை பத்தே காலுக்கு, மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனையின் கண் பிரிவில், பக்கிரிசாமியின் மகள் வள்ளிநாயகி, வயது முப்பத்து நான்கு, இடது கண்ணின் கருவிழியில் புண்ணுடன் சேர்க்கப்பட்டாள்.

ஏறக்குறைய ஐந்து வாரம் கழித்து, ஜூலை 17 புதன்கிழமை, லெபோ கிங் தெருவில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த ஏரம்பமூர்த்தியின் அலுவலகத்துக்கு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவர்களுக்குப் படியின் உயரம் சட்டென்று பிடிபடாது. கையில் நான்கு பக்கத் தட்டச்சுப் பிரதி ஒன்று வைத்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் ஏரம்பமூர்த்தியின் கையெழுத்து இருந்தது.

இருபத்தெட்டு வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் விபத்துகளைத் துருவி ஆராய்ந்து ஓய்வு பெற்றவர் ஏரம்பமூர்த்தி. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த யாழ்ப்பாணத்துத் தகப்பனாரிடமிருந்து அவருக்கு வந்து சேர்ந்தவை இரண்டு. ஒன்று நல்ல கையெழுத்து. இன்னொன்று, காகிதத்தில் இல்லாத எதையும் நம்பாத குணம். ஓய்வுக்குப் பிறகு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்துக்கொண்டார். எடுபிடி, ஓட்டுநர், எதிர்க்கட்சி எல்லாம் முகம்மது கனி ஒருவன்தான்.

வள்ளிநாயகியை அதுவரை அவர் நேரில் பார்த்ததில்லை. தொலைபேசியில் ஒருமுறை பேசியதோடு சரி. அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அறிக்கையின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"சார், 'இரவில் லென்ஸைக் கழற்றுவதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்'னு எழுதியிருக்கீங்க."

"நீங்கதானே சொன்னீங்க?"

"ராத்திரியில கழட்டுவீங்களானு கேட்டீங்க. இல்லன்னேன். கண்ணு கெட்ட வாரம் எனக்கு ஏழு டூ ஏழு நைட் சிப்டு சார். ராத்திரியில கழட்டிட்டா மைக்ராஸ்கோப்புல எதைப் பாக்கிறது? காலையில வீட்டுக்கு வந்ததும் கழட்டிட்டுத்தான் படுப்பேன்."

ஜன்னலோரம் நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்த கனி மெதுவாகக் கோப்பையைக் கீழே வைத்தான். "அண்ணே, நம்ம அறிக்கையில சூரியன் எல்லாருக்கும் ஒரே நேரத்துலதான் மறையுது போல" என்றான்.

ஏரம்பமூர்த்தி அந்த வரியை மறுபடி படித்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் பகலில்தான் தூங்குகிறார்கள். அது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. கேட்கும்போது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்த அறிக்கை பிறந்த கதை இது. வள்ளிநாயகி பதினாறு வருடமாக தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப் வழியாகக் கணினிச் சிப்புகளைச் சோதிக்கும் வேலை பார்த்தவள். பார்வைக் குறைவு அதிகம். கண்ணாடி போட்டால் மைக்ராஸ்கோப்பின் குழாயில் இடிக்கும். அதனால் தொழிற்சாலைக்கென்று அமர்த்தப்பட்ட கண்ணாடிக் கடையில் இரண்டு வாரத்துக்கொருமுறை மாற்றும் லென்ஸ் வாங்கிப் போட்டாள். கண் கெட்டதும், இது ஊழியரின் அலட்சியமா என்று நிர்வாகம் வெளியாளிடம் அறிக்கை கேட்டது. அலட்சியம் என்றால் வேலை நீக்கம். இல்லையென்றால் வேறு பிரிவில் வேலை. முடிவெடுக்கும் கூட்டம் வெள்ளிக்கிழமை காலை. இடையில் இருந்தது ஒரே ஒரு நாள்.

ஏரம்பமூர்த்தியின் பெயரை நிர்வாகத்திடம் சொன்னவர் அந்தக் கடையின் உரிமையாளர் சோமசுந்தரம். முப்பது வருடச் சிநேகிதர். ஏரம்பமூர்த்தியின் மனைவி பத்மாவதி கடைசியாக மருத்துவமனையில் கிடந்த நாற்பது நாளும் அவருக்குச் சாப்பாடு சோமசுந்தரத்தின் வீட்டிலிருந்துதான் வந்தது. தூக்குப் பாத்திரத்தை எடுத்து வந்தவரும் சோமசுந்தரமேதான்.

லென்ஸ் விஷயத்தில் விதி எளிமையானது. உறையைத் திறந்த நாளிலிருந்து பதினான்கு நாள். தினமும் போட்டாலும் சரி, இடையில் நான்கு நாள் போடாமல் விட்டாலும் சரி, பதினான்குதான் கணக்கு. தூங்குமுன் கழற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் படக்கூடாது. பதினைந்தாம் நாள் அது குப்பை. வள்ளிநாயகியின் பவர் அபூர்வமானது. இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர். அந்தப் பவரில் சோமசுந்தரத்தின் கடைக்கு ஜனவரியில் ஒரே ஒரு பெட்டி அனுப்பியதாக மொத்த விற்பனையாளர் எழுதிய கடிதத்தைச் சோமசுந்தரமே கொண்டுவந்து கொடுத்திருந்தார். பெட்டியில் ஆறு லென்ஸ், அதாவது மூன்று ஜோடி. மூன்று ஜோடி ஆறு வாரத்துக்கு வரும். அவளோ இருபத்திரண்டு வாரம் போட்டிருக்கிறாள். ஆகவே அலட்சியம். ஏரம்பமூர்த்தியின் அறிக்கை இந்தக் கணக்கின் மேல்தான் நின்றது.

"நான் பெட்டியையே பாத்ததில்ல சார்" என்றாள் வள்ளிநாயகி. "ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ சனிக்கிழமை கடைக்குப் போவேன். பழசைத் திருப்பிக் கொடுத்துட்டு, சின்ன பாட்டில்ல புதுசு வாங்கிட்டு வருவேன். ஒரு நாள் தள்ளினதில்ல."

அதெப்படி ஒரு நாள்கூடத் தவறாது என்று ஏரம்பமூர்த்தி கேட்டார். அவள் சொன்ன காரணம் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது. அவளுக்கு இரண்டு வாரம் பகல் சிப்டு, இரண்டு வாரம் இரவு சிப்டு. மாறுகிற சனிக்கிழமை ஓய்வு. சிப்டு மாறினால் லென்ஸ் மாறும். தனியாக நாள் எண்ண வேண்டிய அவசியமே அவளுக்கு இருந்ததில்லை.

"இரண்டு வாரத்துக்கொரு தடவ கண்ணையே மாத்தறாங்க" என்றான் கனி. "நான் ஓட்டற காடிக்கு எஞ்சின் எண்ணெயே வருசத்துக்கு ஒரு தடவதான் மாத்தறேன்."

ரசீது இருக்கிறதா என்றால் இல்லை. எல்லாம் தொழிற்சாலைக் கணக்கில் போய்விடும். பாட்டில்கள் இருக்கின்றனவா என்றால், அவற்றையும் பழைய லென்ஸோடு திருப்பிக் கொடுத்துவிட்டாள். பாட்டில் வெறுமனே வருமா என்று கனி கேட்டான்.

"காலண்டர் தாள்ல சுத்தி ரப்பர் போட்டிருக்கும். பின்னாடி அடுத்து வரவேண்டிய தேதி எழுதியிருக்கும்."

"அந்தத் தாள் எங்கக்கா?"

"சாமித்தட்டுக்குக் கீழ இருக்கு" என்றாள், தயங்கி. "ஒவ்வொரு தாள்லயும் முருகன் படம் போட்டிருக்கு. எப்படிக் குப்பையில போடறது? சேத்து வெச்சு ஒரு நாளைக்குக் கடல்ல விடலாம்னு."

கனி காடிச் சாவியை எடுத்துக்கொண்டான். "எங்க வீட்டுக் காலண்டர்ல டயர் படம்தான் வரும். அதான் ஒரு சாட்சியும் மிஞ்சல" என்றான்.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் எட்டாவது மாடி. லிஃப்ட் ஆறாவதோடு நின்றுவிட்டது. கனி மூச்சு வாங்கிக்கொண்டே, அடுத்த முறை கீழ் மாடியில் குடியிருக்கும் சாட்சியாகப் பார்த்துப் பிடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டு ஏறினான். வள்ளிநாயகி ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்து, மூடியைத் திறந்து மேசைமேல் வைத்தாள்.

மொத்தம் பதினொரு தாள்கள் இருந்தன. சோமசுந்தரம் தன் கடைப் பெயரோடு வருடா வருடம் அச்சடித்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் தினசரி நாள்காட்டியின் தாள்கள். தலைப்பில் வேல் பிடித்த முருகன். பின்புறம் பேனாவால் அடுத்த தேதி: 27/1, 10/2, 24/2 என்று போய்க் கடைசித் தாளில் 15/6.

ஏரம்பமூர்த்தி அவற்றை மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். பதினொன்றைப் பார்த்ததும் மனம் லேசாகியது; அடுத்த நிமிடமே கனத்தது. பின்புறத் தேதிகள் எல்லாம் சனிக்கிழமை. முன்புறம் அச்சான கிழமையோ வேறு. ஜனவரி 12, வெள்ளி. ஜனவரி 26, வெள்ளி. பிப்ரவரி 9, வெள்ளி. பதினொன்றும் வெள்ளி.

"சனிக்கிழமைதான் போவீங்களா? நிச்சயமா?"

"சனிதான் சார். வெள்ளிக்கிழமை எப்படிப் போறது? பகல் சிப்டு வாரத்துல ராத்திரி ஏழுக்குத்தான் வெளிய வருவேன். கடை ஆறுக்கே மூடிடும். நைட் வாரத்துல பகல் முழுக்கத் தூக்கம்."

எதற்கு இதைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. ஏரம்பமூர்த்தி தாள்களை அடுக்கி டின்னோடு வாங்கிக்கொண்டார். ஏதாவது பிரயோசனம் உண்டா என்று அவள் கேட்டாள். பார்க்கிறேன் என்றார். வாசலில் அவள் பதினாறு வருடத்தில் ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட வாங்கியதில்லை என்று சொன்னாள். குரலில் கெஞ்சல் இல்லை. அதனாலேயே அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காடியில் ஏறியதும் கனி வாயைத் திறந்தான். அக்காவைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் காலண்டர் ஊரில் பாதித் தமிழர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது, உட்கார்ந்து பதினொரு தாள் கிழித்துப் பின்னால் தேதி எழுத எவ்வளவு நேரமாகும் என்றான்.

ஏரம்பமூர்த்தி வழியெல்லாம் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தார். டத்தோ கெராமாட் சாலை நெரிசலில் காடி நின்றபோது சொன்னார்: "சரி, நீ பொய்ச் சாட்சி தயார் பண்றே. சனிக்கிழமை போனேன்னு சொல்லப் போறே. எந்தத் தாளைக் கிழிப்பே?"

கனி விளக்கு மாறும்வரை யோசித்தான். "சனிக்கிழமைத் தாளைத்தான்."

"பொய் சொல்றவங்க இவ்வளவு பெரிய ஓட்டையை விட மாட்டாங்க. ஒரு தாள் மாறினா கைத்தவறு. பதினொண்ணும் ஒரே மாதிரி ஒரு நாள் முந்தின தாள்னா, அது யாரோ ஒருத்தரோட பழக்கம்."

"யாரோட பழக்கம்?"

அதற்கு அவரிடம் விடை இருந்தது. முப்பது வருடமாகக் கண்ணெதிரே இருந்ததாலோ என்னவோ, அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

பினாங்கு ஸ்ட்ரீட்டில் சோமசுந்தரத்தின் கடை வழக்கம்போல் பளபளவென்று இருந்தது. நெற்றியில் திருநீறு, வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் பேனாவும் துண்டுக் காகிதங்களும். மூர்த்தி என்று வாய் நிறையக் கூப்பிட்டு, எதிர்க்கடையிலிருந்து மூன்று கோப்பிக்குச் சொன்னார். மருந்து மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று விசாரித்தார்.

ஏரம்பமூர்த்தி டின்னை வெளியே எடுக்கவில்லை. சந்தேகத்தால் அல்ல. ஒரு சிநேகிதனின் கடையில் உட்கார்ந்து சாட்சியத்தைப் பரப்புவது மரியாதையாகப் படவில்லை. அந்தப் பெண்ணுக்கு லென்ஸைப் பெட்டியாகக் கொடுக்காமல் பாட்டிலில் உதிரியாகக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேனே என்று மட்டும் கேட்டார்.

சோமசுந்தரம் கண்ணாடிச் சட்டம் ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பாட்டில்லயா? அப்படியா நடந்திருக்கு?" என்றார் கடைசியில். "இப்பத்தான் எனக்கே புரியுது மூர்த்தி. லென்ஸ் கொடுக்கிற வேலையெல்லாம் கடையில இருந்த பொண்ணு காமாரியாதான் பாத்துக்கிட்டா. திருப்பிக் கொடுத்த பழசையே கழுவிக் கழுவி மறுபடியும் கொடுத்திருக்கா. போன மாசக் கடைசியில அவளை நிறுத்தினேன். நல்ல வேளை."

தானே போலீசில் புகார் கொடுப்பதாகச் சொன்னார். ஆனால் அதெல்லாம் மெதுவாக நடக்கும். வெள்ளிக்கிழமைக் கூட்டம் முடிகிற வரை அறிக்கையை மாற்றி எல்லாரையும் குழப்ப வேண்டாம் என்றார். காமாரியாவின் விலாசத்தை ஏரம்பமூர்த்தி கேட்டதும், அவளிடம் போய் என்ன ஆகப்போகிறது என்று இழுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, ஜெலுத்தோங் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் ஏரம்பமூர்த்திக்கு நெஞ்சு இலேசாக இருந்தது. அறிக்கை தவறு, ஆனால் தவறு செய்தது சோமு அல்ல. அதுவரை அந்தப் பயம் உள்ளே இருந்தது என்பதே அது விலகிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

கனி அவரை நிம்மதியாக விடவில்லை. "அண்ணே, நாம பாட்டில்னு மட்டும்தான் சொன்னோம். கழுவின கதையை அவரேல்ல சொன்னாரு."

"தொழில் தெரிஞ்சவன். ஒரு வார்த்தை சொன்னா முழுசும் புரிஞ்சிருக்கும்."

"புரியறது வேற, இவரு பக்கத்துல நின்னு பாத்த மாதிரி சொன்னாரு லா."

"வாயை மூடிட்டுக் காடியை ஓட்டு."

கனி வாயை மூடிக்கொண்டான். அப்படி அவர் சொல்வது அபூர்வம். அவன் கேட்பது அதைவிட அபூர்வம்.

ஜெலுத்தோங்கில் ஒரு சந்தின் முனையில் காடி நின்றது. வீட்டு எண்ணைப் பார்க்க ஏரம்பமூர்த்தி துண்டுக் காகிதத்தை எடுத்தார். 14பி. எண்ணைச் சரிபார்த்துவிட்டு மடிக்கப் போனவர், விரலில் காகிதம் வழுவழுவென்று மெலிந்திருப்பதை உணர்ந்து திருப்பிப் பார்த்தார்.

வேல் பிடித்த முருகன். ஜூலை 16. செவ்வாய்.

இன்று புதன்.

காலையில் கடை திறந்ததும் சோமசுந்தரம் முதலில் செய்கிற வேலை, நாள்காட்டியில் முந்தின நாள் தாளைக் கிழிப்பது. கிழித்ததைத் தூர எறியமாட்டார், சாமி படம். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அன்று முழுக்கக் கணக்கு, விலாசம், தொலைபேசி எண் எல்லாம் அதன் முதுகில்தான். ஏரம்பமூர்த்தியின் மேசை இழுப்பறையில் அப்படிப்பட்ட தாள்கள் ஒரு கட்டு இருக்கும். பத்மாவதிக்கு எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்ததும் அப்படி ஒரு தாளில்தான்.

சனிக்கிழமை அவர் பையில் இருப்பது வெள்ளிக்கிழமைத் தாள்.

"என்னண்ணே, வீடு மாறிப்போச்சா?" என்று கேட்ட கனி, அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். ஏரம்பமூர்த்தி தாளை அவனிடம் நீட்டினார். அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். அதிலிருந்து ஒரு நகைச்சுவை எடுக்க அவனுக்கு எல்லா வசதியும் இருந்தது. எடுக்கவில்லை. தாளை மடித்து அவர் கையிலேயே வைத்தான்.

காமாரியா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தகப்பனார் தமிழ் முஸ்லிம், தாயார் மலாய்க்காரர், இருபத்தாறு வயது. சோமசுந்தரத்தின் பெயரைச் சொன்னதும் கை நின்றது. ஆனால் முதலில் அவள் கேட்டது வேறு.

"வள்ளி அக்கா கண்ணு இப்ப எப்படி இருக்கு?"

சொன்னார்கள். அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டுப் பேசினாள். சனிக்கிழமை காலையில் முதலாளியே பாட்டிலைத் தாளில் சுற்றித் தேதி எழுதி இழுப்பறையில் வைத்துவிடுவார். அக்கா வந்தால் எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் தன் வேலை. பழைய லென்ஸை வாங்கிப் பின்னறையில் அவரிடம் கொடுத்துவிடுவாள். கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பார். ஏப்ரலில் ஒரு நாள், அந்தப் பவரில் புதுப் பெட்டியே வரவில்லையே என்று கேட்டதற்கு, உனக்குத் தெரிந்த வேலையைப் பார் என்றாராம். ஜூன் 15 சனிக்கிழமை அக்கா வரவில்லை. மருத்துவமனையில் சேர்த்த செய்தி மதியம் வந்தது. முதலாளி இழுப்பறையைத் திறந்து, சுற்றி வைத்திருந்த பாட்டிலை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினார். அதைத் தான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். இரண்டு வாரத்தில் வேலை போயிற்று.

இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுவாயா என்று ஏரம்பமூர்த்தி கேட்டார். போடுவதாகச் சொன்னாள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கனி கேட்டதற்கு, "யார்கிட்ட சொல்றது? துப்பறியறவரே தன்னோட சிநேகிதர்னு முதலாளி சொன்னாரு" என்றாள்.

மறுபடியும் பினாங்கு ஸ்ட்ரீட்டுக்குப் போனபோது மணி ஐந்தரை. கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. ஏரம்பமூர்த்தி உட்காரவில்லை. டின்னைத் திறந்து, பதினொரு தாள்களையும் கண்ணாடி மேசைமேல் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினார். பன்னிரண்டாவதாக, அன்று கொடுத்த செவ்வாய்க்கிழமைத் தாள். பக்கத்தில் மொத்த விற்பனையாளரின் கடிதம்.

சோமசுந்தரம் முதலில் கடிதத்தைப் பார்த்தார். பிறகு தாள்களை. கை தன்னிச்சையாகச் சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது.

"உன் கடுதாசி மூணு ஜோடிங்குது" என்றார் ஏரம்பமூர்த்தி. "உன் பை பதினோரு ஜோடிங்குது. அவ ஒரு நாள்கூடத் தவறல சோமு. தேதி எழுதிக் கொடுத்தவனே நீதான்."

சோமசுந்தரம் மறுக்கவில்லை. முதலில் ஏதோ சொல்ல வந்து, காமாரியா என்று ஆரம்பித்து, ஏரம்பமூர்த்தியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்தப் பவர் கிடைப்பது லேசில்லை என்றார். பிப்ரவரி 24-ஆம் தேதிக்குச் சரக்கு வரவில்லை. அந்தப் பெண் சனிக்கிழமை வந்து நிற்பாள். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். லென்ஸ் இல்லை என்றால் தொழிற்சாலை வேறு கடையைப் பார்த்துக்கொள்ளும். முதல் ஜோடியைக் கழுவி ஊறவைத்துக் கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறையும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு பெட்டிக்குச் சொல்லி அனுப்பவே இல்லை. மூன்று ஜோடியையும் சுற்றில் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரே பொருளுதானே மூர்த்தி. கண்ணுக்குத் தெரியற அளவுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல."

"பதினஞ்சாம் நாள் தூக்கிப் போடணும்னு உன் கடைச் சுவத்துலயே ஒட்டியிருக்கு."

இருவரும் அந்தச் சுவரைப் பார்க்கவில்லை. கனி கதவருகே போய் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவளுக்கு ஏன் செஞ்சேன்னு சொல்லிட்டே" என்றார் ஏரம்பமூர்த்தி. "என் பேரை எதுக்குக் கொடுத்தே? பினாங்குல வேற ஆளே கிடைக்கலையா?"

சோமசுந்தரம் அந்தக் கடிதத்தை அவர் பக்கமாகத் தள்ளினார். முகத்தில் இருந்தது வெட்கமா களைப்பா என்று ஏரம்பமூர்த்தியால் பிரித்தறிய முடியவில்லை.

"நீ எழுதினா யாரும் மறுபடி விசாரிக்க மாட்டாங்க. நான் கொடுத்த காகிதத்தை நீயும் மறுபடி விசாரிக்க மாட்டே."

அது உண்மை. கடிதத்தைக் கொடுத்தபோது அதைப் படித்துப் பார்த்தார். அதைக் கொடுத்த கையைப் பார்க்கவில்லை. நாற்பது நாள் சோறு கொண்டுவந்த கை. அந்த நாற்பது நாளுக்கு இதுவரை எந்த அர்த்தம் இருந்ததோ அதையும் இனி ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்ததற்காகத் தன் மேலேயே கசப்பாக இருந்தது.

அறிக்கையில் தன் பெயரை மட்டும் விட்டுவிட முடியுமா என்று சோமசுந்தரம் கேட்டார். கடை நடைமுறையில் கோளாறு என்று பொதுவாக எழுதினால் போதுமே என்றார். முப்பது வருடம் என்ற வார்த்தை வந்தது. பத்மாவதி என்ற பெயரும் வந்தது.

ஏரம்பமூர்த்தி தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து டின்னில் வைத்து மூடினார். "அவ பேரைச் சொல்லாதே" என்றார்.

காடி பிட் ஸ்ட்ரீட்டில் திரும்பியது. சாப்பிட்டீர்களா என்று கனி கேட்டான். இல்லை என்றார். மணி ஆறாகிறது, காலையிலிருந்து பாதிக் கோப்பிதான் உள்ளே போயிருக்கிறது, அதுவும் சோமசுந்தரம் கடையில் குடித்தது என்றான். சொன்ன பிறகு தன் வாயைத் தானே திட்டிக்கொண்டான்.

"பரவாயில்ல" என்றார் ஏரம்பமூர்த்தி. "எங்கயாவது நிறுத்து. முதல்ல தட்டச்சு பண்றதுக்கு ரிப்பன் வாங்கணும்."

புதிய அறிக்கை ஒன்றரைப் பக்கம் வந்தது. முதல் வரியில், ஜூலை 3-ஆம் தேதியிட்ட தன் முந்தைய அறிக்கை தவறானது என்றும், கேள்வியைச் சரியாகக் கேட்காததும், நண்பர் தந்த ஆவணத்தைச் சரிபார்க்காததும் தன் பிழைகள் என்றும் எழுதியிருந்தார். பதினொரு தாள்களின் நகலும் காமாரியாவின் வாக்குமூலமும் இணைக்கப்பட்டன. வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கனி அதைப் பாயான் லெப்பாஸில் கொடுத்து, முத்திரை வாங்கி வந்தான்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் இருபது நிமிடம் நடந்தது. வள்ளிநாயகியின் மேல் அலட்சியம் இல்லை என்று பதிவாயிற்று. சோமசுந்தரத்தின் கடை தொழிற்சாலையின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அவர் மேல் போலீசில் புகார் கொடுக்கப்பட்டது. ஆகஸ்ட் 1 முதல் வள்ளிநாயகி பயிற்சிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். இடது கண்ணால் ஒரு மீட்டர் தூரத்தில் விரல்களை எண்ண முடிகிறது. அதற்கு மேல் தெரிய வாய்ப்பில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.